ஜன்னலோரத்தில் தொடங்குங்கள்: அன்றாடக் காட்சிகளைப் படமெடுக்கப் பழகுகிறவர்களுக்கு

புதிதாகப் படமெடுக்க வருகிறவர்கள் பலர், எங்காவது பயணம் போனால்தான் நல்ல படம் கிடைக்கும் என்று நம்புகிறார்கள். மலையோ கடலோ அருவியோ கண்முன் இருக்கவேண்டும். பயணம் முடிந்து வீடு திரும்பியதும் கேமரா அலமாரிக்குள் போய்விடும். அடுத்த பயணம் வரை வெளியே வராது. நான் சொல்ல வருவது வேறு வழி. நீங்கள் தினமும் கடந்துபோகும் ஏதோ ஒரு மூலையிலேயே தொடங்கலாம். அழகான பொருள் எதுவும் அங்கே இருக்கவேண்டியதில்லை. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வரும் பொறுமையும், பார்த்ததை இரண்டு மூன்று வரியில் எழுதிவைக்கும் பழக்கமும் இருந்தால் போதும். இந்த இரண்டில் எழுதுவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஏன் என்று பின்னால் வருகிறேன்.

இது புதிய யோசனையும் இல்லை. இன்று மிஞ்சியிருக்கும் மிகப் பழைய கேமராப் படமே ஒரு ஜன்னல் காட்சிதான். பிரான்ஸைச் சேர்ந்த நிசெஃபோர் நியெப்ஸ் 1826 அல்லது 1827-இல் தன் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து எடுத்தது. அதில் தெரிவதெல்லாம் கூரைகளும் சுவர்களும் மட்டுமே. படம் பதிவாகக் குறைந்தது எட்டு மணி நேரம் பிடித்ததால், அதற்குள் சூரியன் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்விட்டது. அதனால் எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டிலும் வெயில் விழுந்திருக்கிறது. இங்கிலாந்தில் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1835-இல் எடுத்த, ஏறக்குறைய தபால்தலை அளவே உள்ள நெகட்டிவிலும் இருப்பது அவருடைய வீட்டு ஜன்னல். அதிலுள்ள சுமார் 200 கண்ணாடிச் சதுரங்களையும் லென்ஸ் வைத்து எண்ண முடிந்தது என்று பக்கத்திலேயே ஒரு குறிப்பும் எழுதிவைத்தார். வீட்டு ஜன்னல், சிறிய படம், அருகே ஒரு குறிப்பு. இந்தக் கட்டுரை சொல்லித்தரப்போவதும் அதைத்தான்.

கையில் இருக்கும் செல்போன் போதும்

நல்ல கேமரா வாங்கிய பிறகு தொடங்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். செல்போனில் சில விஷயங்களை மட்டும் சரிசெய்துகொண்டால் போதும். முதலில் லென்ஸை மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்கு அதில் எப்போதும் இருக்கும். ஜன்னலைப் பார்த்து எடுக்கும்போது படம் முழுக்கப் புகை படர்ந்ததுபோல் தெரிவதற்குப் பல நேரம் அதுவே காரணம். அப்புறம் கேமரா செட்டிங்கில் கிரிட் கோடுகளைப் போட்டுவிடுங்கள். ஜன்னல் சட்டமும் மேசை விளிம்பும் கோணலாகாமல் இருக்க அவை உதவும். ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள். நாம் பார்க்க வந்த வெளிச்சத்தையே அது அழித்துவிடும்.

திரையில் ஒரு பொருளைத் தொட்டால் ஃபோகஸ் அதன்மேல் நிற்கும். பெரும்பாலான போன்களில் பக்கத்திலேயே சூரியன் போன்ற ஒரு குறி வரும். அதை மேலும் கீழும் இழுத்தால் படம் வெளிச்சமாகவோ இருட்டாகவோ மாறும். இந்த ஓர் அசைவை விரல் தானாகச் செய்யும் அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள். இன்னொரு விஷயம்: போன்களின் முதன்மை லென்ஸ் பொதுவாக 24 முதல் 28 மில்லிமீட்டர் வரையுள்ள அகலக் கோணத்துக்குச் சமமானது, அதாவது நிறைய இடத்தை ஒரே படத்துக்குள் அடக்கும். பக்கத்தில் போய் எடுத்தால் கோப்பையின் வாய் பெருத்து அடி சிறுத்துவிடும். இரண்டு மடங்கு ஜூம் வைத்து, இரண்டடி பின்னால் வந்து எடுத்தால் பொருள் தன் உருவத்திலேயே இருக்கும். கருவியைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்.

ஓர் இடம், ஒரு மாதம்

இப்போது இடத்தைத் தேர்ந்தெடுக்கவேண்டும். மூன்று விஷயங்களைப் பாருங்கள். பகலில் ஏதோ ஒரு நேரத்தில் அங்கே பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழவேண்டும். நீங்கள் எப்படியும் தினமும் அந்த வழியாகப் போகிறவராக இருக்கவேண்டும். யாராவது புழங்கும் இடமாகவும் இருக்கவேண்டும், அப்போதுதான் அங்குள்ள பொருட்கள் தாமாகவே இடம் மாறிக்கொண்டிருக்கும். ஜன்னலோர மேசை, மாடிப்படி திரும்பும் இடம், துணி காயும் கொடி, குளியலறைக் கண்ணாடி என எதுவும் இருக்கலாம். அழகாக இருக்கிறது என்பதற்காக ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஏற்கெனவே அழகாகத் தெரியும் இடத்தை நாம் கவனித்துப் பார்க்கமாட்டோம், ரசித்துவிட்டு நகர்ந்துவிடுவோம்.

ஒரே இடத்தில் எவ்வளவு காலம் நிற்க முடியும் என்று சந்தேகம் வந்தால் யோசெஃப் சுடெக்கை நினைத்துக்கொள்ளுங்கள். செக் நாட்டுப் புகைப்படக் கலைஞர். முதல் உலகப் போரில் வலக்கையை இழந்தவர். பிராக் நகரத்தில் இருந்த தன் ஸ்டுடியோவின் ஜன்னலை 1940 முதல் 1954 வரை எடுத்துக்கொண்டே இருந்தார். கண்ணாடியில் படிந்த ஈரம், வழியும் மழைத் துளிகள், வெளியே முறுக்கிக்கொண்டு நின்ற ஒரு மரம், ஜன்னல் விளிம்பில் வைத்த ஒரு தம்ளர் தண்ணீர். அந்த ஆண்டுகளில் 1945 வரை அந்த ஊர் நாஜிகளின் பிடியில் இருந்தது. ஆந்த்ரே கெர்டெஸ் என்ற புகைப்படக் கலைஞரின் கதை எனக்கு இன்னும் நெருக்கமானது. 1977-இல் மனைவி இறந்த பிறகு, வயது எண்பதைத் தாண்டியிருந்த நிலையில், நியூயார்க் நகர வீட்டின் ஜன்னலோரத்தில் சின்னச் சின்னக் கண்ணாடிப் பொருட்களை வைத்து உடனுக்குடன் படத்தை அச்சாகத் தரும் போலராய்டு கேமராவால் எடுக்கத் தொடங்கினார். அவற்றில் ஒரு கண்ணாடிச் சிலை அவருக்கு மனைவியின் தோளையும் கழுத்தையும் நினைவுபடுத்தியது. அந்தச் சிலைக்குள் வானமும் கட்டடங்களும் வளைந்து தெரிகின்றன. துக்கத்தில் இருந்த ஒரு மனிதருக்குத் தினமும் எழுந்து பார்க்க ஒரு காரணத்தை அந்த ஜன்னல் தந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

உங்களுக்கு ஒரு மாதம் போதும். முதல் வாரத்தில், ஏற்கெனவே எங்கோ பார்த்த படங்களைத்தான் எல்லோரும் எடுக்கிறார்கள். அவையெல்லாம் தீர்ந்து, இனி இங்கே எடுக்க ஒன்றுமில்லை என்று தோன்றும்போது விட்டுவிடாதீர்கள். உங்களுடைய சொந்தப் படங்கள் அதற்குப் பிறகுதான் வரத் தொடங்கும்.

முதல் மூன்று நாட்கள் கேமரா வேண்டாம்

அந்த இடத்தில் காலையில், நண்பகலில், மாலையில் பத்துப் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். போன் வேறு அறையில் இருக்கட்டும். பலருக்கு இந்தப் படி வீணாகத் தெரியும், தாண்டிவிடுவார்கள். தயவுசெய்து தாண்டாதீர்கள். நாம் பொருட்களைப் பார்க்கப் பழகியிருக்கிறோம். படத்துக்கு வேண்டியது அவற்றின்மேல் விழும் வெளிச்சத்தைப் பார்க்கும் பழக்கம். அதைப் பழகிக்கொள்ளத்தான் இந்த மூன்று நாட்கள்.

வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை முதலில் பாருங்கள். ஜன்னல் அருகே நின்று உள்ளங்கையை விரித்து, ஜன்னலுக்கு நேராகக் காட்டுங்கள். ரேகைகள் அவ்வளவாகத் தெரியாது. இப்போது கையை மெல்லத் திருப்புங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் வழுக்கிப்போகும் கோணத்தில் ஒவ்வொரு ரேகையும் பள்ளமாக எழும்பித் தெரியும். சுவரின் சொரசொரப்பும் துணியின் நெசவும் பழைய மரத்தின் கீறல்களும் இப்படித்தான் வெளியே வருகின்றன. பொருளுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் இன்னொரு உலகம்: இலை, காகிதம், திரைச்சீலை, கண்ணாடி போன்றவை உள்ளிருந்து ஒளிர்வதுபோல் இருக்கும், மற்றவை வெறும் கரிய உருவங்களாகிவிடும்.

அடுத்து நிழலின் ஓரத்தைப் பாருங்கள். நேர் வெயிலில் ஓரம் கத்தரித்தாற்போல் இருக்கும், ஏனென்றால் நம் பார்வைக்குச் சூரியன் மிகச் சிறிய ஒரு வட்டம்தான். மேகம் மூடிவிட்டால் வானம் முழுவதுமே விளக்காகிவிடுகிறது. நாலா பக்கமிருந்தும் வெளிச்சம் வருவதால் நிழல் கரைந்துபோகும். மெல்லிய திரைச்சீலையை இழுத்துவிட்டாலும் கிட்டத்தட்ட அதே விளைவு கிடைக்கும். மேகமூட்டமான நாள் படத்துக்கு ஆகாது என்று சொல்வதை நம்பாதீர்கள். முகங்களுக்கும் வெள்ளைத் துணிக்கும் பீங்கானுக்கும் அதைவிட நல்ல வெளிச்சம் எனக்குத் தெரிந்து இல்லை.

நிறம் கொஞ்சம் தாமதமாகத்தான் கண்ணில் படும். சூரியன் தாழ்ந்திருக்கும்போது அதன் ஒளி அதிகக் காற்றைக் கடந்து வருகிறது. வழியிலேயே நீலம் சிதறிப்போய் மஞ்சளும் சிவப்பும் மிஞ்சுகின்றன. அதே நேரத்தில் நிழலுக்குள் விழுவது வானத்தின் வெளிச்சம், ஆகவே நிழல் நீலமாக இருக்கும். நம்ப முடியவில்லையா? மாலை வெயிலில் ஒரு வெள்ளைத்தாளைப் பாதி வெயிலிலும் பாதி நிழலிலுமாக வைத்துப் பாருங்கள். ஒரே தாளில் இரண்டு நிறம் தெரியும். இருட்டத் தொடங்கும் நேரத்தில் அறைக்குள் மஞ்சள் விளக்கைப் போட்டால் இந்த வேறுபாடு உச்சத்துக்குப் போகும். ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள், எண் கூடக்கூட நீலம் கூடும். அந்த விளக்கின் ஒளி சுமார் 2700 கெல்வின், பகல் வெளிச்சம் சுமார் 5500, ஜன்னலுக்கு வெளியே மங்கும் வானம் அதையும் தாண்டிய நீலம். அந்த நேரம் அரை மணிகூட நீடிக்காது. போன் கேமரா இந்த நிறங்களைச் 'சரிசெய்ய' முயன்று, மாலையின் மஞ்சளைக் கழித்துவிடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எல்லாவற்றையும் நாமே அமைக்கும் புரோ மோடு போனில் இருந்தால், நிறத்தைச் சரிசெய்யும் வொயிட் பேலன்ஸைப் பகல் வெளிச்சத்தில் நிறுத்திவையுங்கள். இல்லாவிட்டால் பின்னால் எடிட்டிங்கில் கொஞ்சம் மஞ்சளைத் திரும்பக் கூட்டலாம்.

கடைசியாக, வெளிச்சத்தின் நகர்வு. பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. சுவரில் விழும் வெயில் கட்டத்தின் ஓரத்தில் ஒரு பென்சில் கோடு போட்டுவிட்டுக் காத்திருங்கள். பத்து நிமிடத்தில் கோட்டை விட்டு அது விலகியிருப்பது தெளிவாகத் தெரியும். மாதங்கள் போகப்போக அது விழும் இடமும் நேரமும்கூட மாறும். 'எங்கள் வீட்டில் எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கிறது' என்று சொல்ல இனி உங்களுக்கு மனம் வராது.

எடுக்கும்போது: கழித்துக்கொண்டே போங்கள்

நான்காம் நாள் கேமராவை எடுங்கள். முதல் படத்தில் எல்லாமே இருக்கும்: மேசை, நாற்காலி, சார்ஜர் வயர், காலண்டர், பாதி ஜன்னல். அது பரவாயில்லை. உங்களை அங்கே நிற்கவைத்தது எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாற்காலி முதுகில் விழுந்த வெயிலா? அப்படியானால் மற்றவை எதற்கு? ஓரடி முன்னால் போய் இன்னொன்று எடுங்கள். பிறகு இன்னும் ஓரடி. எதைக் கழித்தால் நீங்கள் பார்த்ததே போய்விடுகிறதோ, அதற்கு முந்தைய படத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஷட்டரை அழுத்தும் முன் ஃபிரேமின் நான்கு ஓரங்களையும் ஒருமுறை கண்ணால் சுற்றி வாருங்கள். புதியவர்கள் நடுவில் இருப்பதை மட்டும் பார்க்கிறார்கள். மூலையில் எட்டிப்பார்க்கும் ஒரு பளிச்சென்ற மூடி, பாதி வெட்டுப்பட்ட ஒரு பெட்டி போன்றவைதான் படத்தைக் கெடுக்கின்றன. அவற்றைக் கையால் நகர்த்துவதைவிட நீங்கள் நகர்வதே நல்லது என்பது என் கட்சி. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் 1930-இல் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்தார். அது புகைப்பட வரலாற்றின் மிகப் புகழ்பெற்ற படங்களில் ஒன்று. ஆகவே பொருளை எடுத்துவைப்பது குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முதல் மாதம் எதையும் தொடாமல் இருந்து பாருங்கள். இருப்பதைத் தேடிப் பார்க்கும் கண், எடுத்துவைக்கத் தொடங்கியதும் சோம்பேறியாகிவிடுகிறது.

உயரத்தை மாற்றுங்கள். நின்ற நிலையில் கண் மட்டத்திலிருந்து எடுத்த படங்களே உலகத்தில் அதிகம். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் வில்லியம் எகில்ஸ்டனின் மூன்று சக்கரச் சைக்கிள் படம் இதற்கு நல்ல பாடம். ஒரு குழந்தையின் சைக்கிள்தான். தரையை ஒட்டிக் கேமராவை வைத்து எடுத்ததால், பின்னால் இருக்கும் வீடுகளைவிடப் பெரிதாக அது நிற்கிறது. 1976-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய வண்ணப் படங்களைக் காட்சிக்கு வைத்தபோது, இதிலெல்லாம் என்ன இருக்கிறது என்று விமர்சகர்கள் கடுமையாகத் திட்டினார்கள். இன்று அந்தக் கண்காட்சி ஒரு திருப்புமுனையாகக் கருதப்படுகிறது. உங்கள் மேசையைத் தரையில் உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள், ஸ்டூல்மேல் ஏறி ஒருமுறை பாருங்கள்.

எக்ஸ்போஷர், அதாவது படம் எவ்வளவு வெளிச்சமாகப் பதிவாகவேண்டும் என்பது பற்றி ஒன்றே ஒன்று. கேமராவின் அளவீடு, கண்முன் இருப்பது சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்ற அனுமானத்தில் வேலை செய்கிறது. அதனால் ஃபிரேம் முழுக்க வெள்ளைத் துணி இருந்தால் அது அழுக்கு வெள்ளையாக வரும். திரையில் வரும் அந்தச் சூரியன் குறியை மேலே இழுங்கள். இருட்டறையில் ஒரு கீற்று வெளிச்சம் மட்டும் விழுந்தால், போன் அந்த இருட்டைப் பிரகாசமாக்கிச் சாம்பலாக்கிவிடும். தயங்காமல் கீழே இழுங்கள். நிழலுக்குள் எல்லாமே தெரியவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஒரு நாளைக்குப் பன்னிரண்டு

விவியன் மேயர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தபடியே சிகாகோ தெருக்களை எடுத்தவர். அவர் அதிகம் பயன்படுத்திய ரோலிஃபிளெக்ஸ் கேமராவில் ஒரு ஃபிலிம் சுருளுக்கு 12 படம்தான். ஒரு நாளின் எண்ணிக்கையாக அதையே நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு முடிந்தால் அன்றைக்கு முடிந்தது. இப்படி ஒரு கட்டு இருந்தால்தான் அழுத்துவதற்கு முன் ஒரு கணம் நிற்போம்.

அந்தக் கணம் ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் ஆய்வு இருக்கிறது. உளவியலாளர் லிண்டா ஹென்கெல் 2014-இல் வெளியிட்டது. அருங்காட்சியகத்தில் சிலரை அழைத்துப்போய், சில பொருட்களைப் படமெடுக்கவும் சிலவற்றைப் பார்க்க மட்டும் செய்யவும் சொன்னார். மறுநாள் கேட்டபோது, படமெடுத்த பொருட்களைவிடப் பார்த்த பொருட்களே அவர்களுக்கு நன்றாக நினைவிருந்தன. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மனம் ஒதுங்கிவிடுகிறது. ஆனால் பொருளின் ஒரு பகுதியை நெருங்கி ஜூம் செய்து எடுத்தபோது அந்த மறதி ஏற்படவில்லை. எதை எடுக்கிறோம் என்று முடிவுசெய்யும் உழைப்பே நினைவைக் காப்பாற்றுகிறது என்று இதை நான் புரிந்துகொள்கிறேன்.

மூன்று வரிக் குறிப்பு

சரி, எழுதுவதற்கு வருவோம். ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் போதும். எடுத்து முடித்ததும், எடுத்த படங்களைத் திரையில் பார்ப்பதற்கு முன் எழுதுங்கள். இந்த வரிசை முக்கியம். திரையில் படத்தைப் பார்த்துவிட்டால், நீங்கள் நேரில் கண்டதன் இடத்தில் படம் போய் உட்கார்ந்துகொள்ளும். அதன்பிறகு எழுதுவது படத்தைப் பற்றிய குறிப்பாகத்தான் இருக்கும்.

மேலே தேதி, நேரம், வானம் எப்படி இருந்தது. முதல் வரியில் கண்முன் இருந்தது என்ன என்பது மட்டும். இந்த வரியில் 'அழகு', 'அருமை', 'மனதைத் தொட்டது' எதுவும் கூடாது. இரண்டாவது வரியில், நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியிருக்கிறது. மூன்றாவது வரியில், ஏன் நின்றேன். ஓர் எடுத்துக்காட்டு:

'காலை 7:40, மேகம். தம்ளரில் கால்வாசித் தண்ணீர். அதன் நிழலுக்கு நடுவில் ஒரு வெளிச்சக் கோடு. நேற்று இங்கே தம்ளர் இல்லை. இரவு யாரோ எழுந்து தண்ணீர் குடித்திருக்கிறார்கள். யார் என்று யோசித்துக்கொண்டே நின்றேன்.'

இதே காட்சிக்கு 'காலை வெளிச்சத்தில் ஒரு தம்ளர், எவ்வளவு எளிமையான அழகு' என்று எழுதினால் எதுவுமே எழுதாததற்குச் சமம். எந்த வீட்டிலும், எந்தக் காலையிலும், யாரும் எழுதக்கூடிய வரி அது. இன்னொரு ஆபத்தும் உண்டு. இரண்டாவது வாரத்தில் கை தத்துவம் எழுத ஆசைப்படும். வாழ்க்கை ஒரு ஜன்னல், நாமெல்லாம் நிழல்கள் என்ற ரீதியில் வரும். அடித்துவிட்டு மறுபடி தம்ளருக்கு வாருங்கள். உண்மையில் உங்களுக்கு ஏதாவது தோன்றியிருந்தால், 'யாரோ எழுந்து தண்ணீர் குடித்திருக்கிறார்கள்' என்ற மாதிரி ஒரு வரியில் அது தானே வந்து சேரும். வீட்டில் யாருக்கோ தூக்கம் வரவில்லை என்பது அதற்குள் இருக்கிறது. அடுத்த நாள் அவரிடம் போய் விசாரிக்கக்கூடச் செய்யலாம். படமெடுக்கும் பழக்கத்தால் எனக்குக் கிடைத்தவற்றில் இதைத்தான் பெரிதாகச் சொல்வேன்: கூட இருப்பவர்கள் விட்டுச்செல்லும் தடயங்கள் கண்ணில் படத் தொடங்குகின்றன.

மூன்றாவது வரி சில நாள் வரவே வராது. 'தெரியவில்லை' என்று எழுதுங்கள். பொய்யாக ஒரு காரணம் எழுதுவதைவிட அது மேல். மூன்று வாரம் கழித்து எல்லாக் குறிப்புகளையும் ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள். நீங்கள் எதைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்பது படங்களில் தெரிவதைவிட அங்கே தெளிவாகத் தெரியும். என் குறிப்புகளை அப்படிப் படித்தபோது, யாரோ பாதியில் விட்டுப்போன பொருட்களின் முன்னால்தான் நான் அடிக்கடி நின்றிருக்கிறேன் என்று புரிந்தது. மடிக்கத் தொடங்கி விட்டுவிட்ட போர்வை, கவிழ்த்துவைத்த புத்தகம், ஒருக்களித்த கதவு. ஆள் இல்லாமலே ஆளைப் பற்றிப் பேசும் படங்கள் எனக்குப் பிடிக்கும் என்பதை எந்தப் பயிற்சி வகுப்பும் எனக்குச் சொல்லியிருக்க முடியாது. உங்களுக்கு அது வேறொன்றாக இருக்கும். விளிம்புகளாக, ஈரமாக, வரிசை குலைந்த பொருட்களாக இருக்கலாம். கண்டுபிடித்ததும் அதையே துரத்திக்கொண்டு போங்கள்.

வெளியே போகும்போது

ஒரு மாதம் உள்ளே பழகிய பிறகு தெருவுக்குப் போகலாம். அங்கேயும் அதே முறைதான்: ஒரே வழி, ஒரே நேரம், பலமுறை. புகைப்படக் கலைஞர் சால் லீட்டர் பல பத்தாண்டுகள் நியூயார்க்கில் தன் வீட்டைச் சுற்றியிருந்த சில தெருக்களிலேயே ஏராளமான படங்களை எடுத்தார். குடைகள், பனி, ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் கலங்கித் தெரியும் மனிதர்கள். அவரிடம் கற்றுக்கொள்ளவேண்டியது, எதையாவது ஊடுருவிப் பார்ப்பது. நனைந்த கண்ணாடி வழியாக, கம்பிகளின் இடைவெளி வழியாக, கதவுச் சந்து வழியாக. ஃபிரேமின் பெரும்பகுதியை மங்கலான ஏதோ ஒன்று மறைத்திருக்க, மிச்சமிருக்கும் சிறு இடைவெளியில் ஒரு சிவப்புக் குடை தெரிந்தால் கண் நேராக அங்கே போகும்.

நடந்துகொண்டே எடுக்காதீர்கள். வெளிச்சம் நன்றாக விழும் ஓரிடத்தைப் பிடித்து நின்றுவிடுங்கள். மனிதர்கள் தாமாக அதற்குள் வருவார்கள். மழை விட்டதும் வெளியே போவதும் நல்ல பழக்கம். தரை ஈரமாக இருக்கும்போது எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும்.

மனிதர்களை எடுப்பதில் எனக்குக் கண்டிப்பான கருத்து உண்டு. முகம் தெரியும்படி நெருங்கி எடுப்பதானால் கேளுங்கள்; வேண்டாம் என்றால் சிரித்துவிட்டு நகருங்கள். பிறர் குழந்தைகளைப் பெற்றோர் சம்மதமில்லாமல் எடுக்காதீர்கள். தெருவோரம் தூங்குகிறவர், அழுகிறவர், நோயாளி, இயலாமையில் இருப்பவர் யாரையும் உங்கள் படத்துக்கான பொருளாக்காதீர்கள். முகம் இல்லாமலேயே மனிதர்களை எடுக்க எவ்வளவோ வழி இருக்கிறது: வேலை செய்யும் கைகள், முதுகு, நிழல், இப்போதுதான் எழுந்துபோனவரின் நாற்காலி.

ஒன்றும் பிடிபடாத நாட்கள்

அப்படிப்பட்ட நாட்கள் நிச்சயம் வரும். அன்றைக்கு ஒரு சின்னக் கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். இன்று நிழல்கள் மட்டும், அல்லது நீல நிறம் மட்டும், அல்லது முழங்காலுக்குக் கீழே உள்ளவை மட்டும். திரையைக் கருப்பு வெள்ளைக்கு மாற்றி எடுத்துப் பார்ப்பதும் உதவும். நிறம் போனதும் வடிவங்களும் வெளிச்சமும் முன்னால் வரும். கண்களைப் பாதி மூடிப் பார்த்தால், கேமரா இல்லாமலே அந்த விளைவு ஓரளவு கிடைக்கும். அதுவும் உதவவில்லை என்றால் படமெடுக்காமல் குறிப்பு மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுங்கள். நாள் விடுபடாமல் இருந்தால் போதும்.

தேர்ந்தெடுப்பதும் அச்சிடுவதும்

எடுத்த அன்றே தேர்ந்தெடுக்காதீர்கள். அந்த நாளின் மகிழ்ச்சி படத்தின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள், அதுவும் முதலில் திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக. அந்த அளவில் விவரங்கள் தெரியாது. வடிவமும் வெளிச்சமும் சரியாக அமைந்த படங்கள் மட்டும் தனித்துத் தெரியும். வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ வைத்துக்கொண்டால் போதும். எடிட்டிங்கில் கோணலை நிமிர்த்துவது, ஓரத்தைக் கிராப் செய்வது, வெளிச்சத்தையும் மஞ்சளையும் சிறிது கூட்டிக் குறைப்பது, இவ்வளவோடு நிறுத்துங்கள். ஒரே ஃபில்டரை எல்லாவற்றுக்கும் போட்டால், நீங்கள் மாதம் முழுக்கக் கவனித்த காலை மாலை வேறுபாடு அத்தனையும் ஒரே நிறமாகிவிடும்.

மாதக் கடைசியில் வைத்துக்கொண்டவற்றைச் சிறிய அளவில் அச்சிட்டுவிடுங்கள். தரையில் பரப்பி, இரண்டிரண்டாகப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எடுக்கும்போது ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதிருந்த படங்கள், ஒரு வளைவாலோ ஒரு நிறத்தாலோ சட்டென்று சேர்ந்துகொள்ளும். பொருந்தும் இணைகளை அப்படியே ஒரு ஆல்பத்தில் எதிரெதிர்ப் பக்கங்களில் வையுங்கள். படத்துக்குப் பின்னால் மென்மையான பென்சிலால் தேதியும் நோட்டுப் புத்தகத்தின் பக்க எண்ணும் எழுதுங்கள். பேனா மை அடுத்த படத்தில் ஒட்டிக்கொள்ளும். அழுத்தி எழுதினால் தடம் முன்பக்கம் தெரியும். அசல் கோப்புகளைப் போனைத் தவிர இன்னோர் இடத்திலும் பிரதி எடுத்துவையுங்கள்.

இரண்டாவது மாதத்துக்கு வேறு இடம் தேடவேண்டாம். அதே ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நில்லுங்கள். இதுவரை வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தீர்கள். இனி அது அறைக்குள் எதுவரை போகிறது என்று பாருங்கள். குறிப்புக்குப் புதிய பக்கம் திருப்பி, மேலே தேதியைப் போட்டு, முதல் மூன்று நாட்கள் மறுபடியும் கேமரா இல்லாமல் உட்காருங்கள்.